காற்று வழிவிடும் காலம்



"யாழ்ப்பாணத்துக்கு வந்து தீவுகளையும் கரைகளையும் சுற்றிப் பார்க்க நல்ல காலம் எது?" வெளிநாடுகளில் வாழும் நம் உறவினர் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நாமும் அதிகம் யோசிப்பதில்லை. "நல்லூர்த் திருவிழாவுக்கு வாருங்கள், ஓகஸ்டில் பள்ளிக்கூடமும் விடுமுறை" என்று சொல்லிவிடுகிறோம். திருவிழாக் காண்பதற்கு அது சரியான விடைதான். கடலில் இறங்குவதற்கும் அது சரியான விடைதானா என்பதே இன்றைய எனது பேச்சின் பொருள். இந்தக் கேள்வியை எனக்குக் கற்றுத் தந்தவர் நெடுந்தீவைச் சேர்ந்த ஒரு முதியவர். அந்த நிகழ்ச்சியிலிருந்தே தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், உயர்தர வகுப்பில் என்னிடம் தமிழ் படித்த மாணவர்களை நெடுந்தீவுக்கு அழைத்துச் சென்றேன். நாளைத் தெரிவு செய்தவன் நானே. ஓகஸ்ட் விடுமுறையில் ஒரு சனிக்கிழமை. குறிகாட்டுவான் இறங்குதுறையில் நாங்கள் நின்றபோது கடல் சாம்பல் நிறமாகக் கொந்தளித்துக் கொண்டிருந்தது. அங்கே குந்தில் அமர்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், மாணவர்களை ஒரு முறையும் என்னை ஒரு முறையும் பார்த்தார்.

"எங்கை மாஸ்ரர், பிள்ளையளோடை?"

"நெடுந்தீவுக்கு, அப்பு. குதிரையளையும் பெருக்கமரத்தையும் காட்ட."

"சோளகம் மூசி அடிக்குது. நீங்கள் லீவைப் பாத்து வந்திருக்கிறியள். காத்தைப் பாத்து வரேல்லை."

நான் சிரித்துவிட்டுப் படகில் ஏறினேன். அரைவழியில் சிரிப்பு நின்றுவிட்டது. அலை படகின் பக்கவாட்டில் அறைந்தது. பிள்ளைகள் நனைந்து, வாந்தி எடுத்து, ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டு இருந்தார்கள். எப்படியோ தீவை அடைந்தோம். ஆனால் பின்னேரப் படகு ஓடாது என்று அறிவித்தார்கள். அன்றிரவு தீவிலேயே தங்கவேண்டியதாயிற்று. தீவு மக்கள் சோறும் பாயும் தந்து எங்களைக் காத்தார்கள். மறுநாட் காலை குறிகாட்டுவானுக்குத் திரும்பியபோது, மாணவன் ஒருவனின் தாய் இறங்குதுறையில் நின்றார். முதல் நாள் மாலையே வந்தவர் வீடு திரும்பவில்லையாம். என்னை ஏசப் போகிறார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: "பிள்ளை வந்திட்டான், மாஸ்ரர். அது காணும்."

ஏச்சு வாங்கியிருந்தால் அன்றே மறந்திருப்பேன். இந்த வார்த்தை மறக்கவில்லை. பெரும்பொழுது, சிறுபொழுது என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப் படிப்பிக்கிற ஒருவன், தன் வீட்டு வாசலில் வீசும் காற்றின் பொழுதை அறியாமல் பிள்ளைகளைக் கடலுக்குக் கொண்டுபோனேன். அந்த வெட்கமே என்னைத் தேட வைத்தது.

நேயர்களே, குடாநாட்டு மக்கள் திசைக்கு ஒரு காற்றுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். வடக்கிலிருந்து வருவது வாடை. தெற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வருவது சோளகம். மேற்கிலிருந்து வருவது கச்சான். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். இவற்றுள் ஆண்டை ஆள்பவை வாடையும் சோளகமும். வைகாசிக் கடைசியில் தொடங்கிப் புரட்டாதி வரை சோளகம் வீசும். ஐப்பசி, கார்த்திகையில் மழையோடு சேர்ந்து வாடை இறங்கும். அது மாசி வரை நிற்கும். நமது ஆண்டு மழையின் பெரும்பங்கும் ஐப்பசி தொடங்கி மார்கழி வரையான மாதங்களிலேயே பெய்துவிடுகிறது.

வாடை வீசும்போது பருத்தித்துறை, வல்வெட்டித்துறை, காங்கேசன்துறை என்னும் வடகரை முழுவதும் அலையை நேரே முகத்தில் வாங்கும். சோளகம் வீசும்போது தரை காற்றை மறைப்பதால் அதே வடகரை ஓரளவு அடங்கியிருக்கும். அப்போது அலையை வாங்குவது தீவுப்பகுதிக் கடல். ஆக, ஒரே குடாநாட்டில் ஒரு கரைக்கு நல்ல காலம் மறு கரைக்குக் கெட்ட காலம். பாக்குநீரிணை ஆழம் குறைந்த கடல் என்பதையும் மனதிற் கொள்ளவேண்டும். ஆழமற்ற நீரில் காற்று எழுப்பும் அலை குறுகியதாகவும் செங்குத்தாகவும் இருக்கும். ஒன்றிலிருந்து மீளுமுன் அடுத்தது வந்து மோதும். எங்கள் படகில் நடந்தது அதுவே.

இரண்டு பெருங்காற்றுகளுக்கும் நடுவே இரண்டு இடைவெளிகள் உண்டு. வாடை தளர்ந்து சோளகம் தொடங்காத பங்குனி, சித்திரை ஒன்று. சோளகம் ஓய்ந்து வாடை தொடங்காத புரட்டாதி, ஐப்பசி எல்லை மற்றது. பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே தோன்றும். முதலாவது நம்பத்தக்கது. இரண்டாவது குறுகியது, வங்கக்கடலில் தாழமுக்கங்களும் புயல்களும் உருவாகும் மாதங்களின் வாசலில் அது நிற்கிறது.

பங்குனி, சித்திரை இடைவெளியை நன்கு அறிந்து பயன்படுத்தியவர்கள் பாக்குநீரிணையை நீந்திக் கடந்த வீரர்கள். தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி 1954ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் வல்வெட்டித்துறைக் கரையிலிருந்து கோடிக்கரைக்கு 27 மணி நேரத்தில் நீந்திச் சேர்ந்தார். பாக்குநீரிணையை நீந்திக் கடந்த முதல் மனிதர் என்ற பெருமை அவருக்குரியது. ஒரு பகலும் ஓர் இரவும் நீரிலேயே கழித்த அந்தப் பயணம், தமிழ் மாதக் கணக்கில் பங்குனியில் நிகழ்ந்தது.

அவருக்குப் பின் வந்தோரின் நாட்களையும் பாருங்கள். வங்காளத்து மிகிர் சென் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தியது 1966 ஏப்ரல் 5, 6ஆந் திகதிகளில். தமிழ்நாட்டுச் சிறுவன் குற்றாலீசுவரன், தன் பன்னிரண்டாம் வயதில் நீந்தியது 1994 ஏப்ரலில். தேனியைச் சேர்ந்த பத்து வயதுச் சிறுவன் ஒருவன் கடந்தது 2019 மார்ச் 28ஆந் திகதி. மும்பையிலிருந்து வந்த ஜியா ராய் என்னும் சிறுமி கடந்தது 2022 மார்ச்சில். இலங்கை விமானப்படையைச் சேர்ந்த ரொஷான் அபேசுந்தர 2021 ஏப்ரல் 10ஆந் திகதி தலைமன்னாரில் இறங்கி, தனுஷ்கோடியைத் தொட்டு, மறுநாள் மீண்டும் தலைமன்னாருக்கே நீந்தி வந்தார். எடுத்த நேரம் 28 மணி 19 நிமிடம். ஏறத்தாழ அரை நூற்றாண்டாக நின்ற ஒரு சாதனையை அவர் அன்று முறியடித்தார். 1971இல் இரு வழியும் 51 மணி நேரத்தில் நீந்திய வல்வெட்டித்துறைக் குமார் ஆனந்தனின் சாதனை அது. அவரையே நாம் ஆழிக்குமரன் ஆனந்தன் என்று அன்போடு அழைக்கிறோம்.

கல்கத்தா, தேனி, மும்பை, கொழும்பு என வெவ்வேறு இடங்களிலிருந்து வந்தவர்கள் ஒரே இரண்டு மாதங்களை நாடி வந்திருக்கிறார்கள். விதிவிலக்கு இல்லாமலில்லை. புலா சௌத்ரி 2004 ஓகஸ்டில் இந்த நீரிணையைக் கடந்தார். மன உறுதியும் பயிற்சியும் மிக்க ஒருவரால் பருவத்தை மீறியும் செய்ய முடியும் என்பதற்கு அது சான்று. ஆனால் விதிவிலக்கை நம்பி நான் என் மாணவர்களைக் கூட்டிச் செல்ல முடியாது.

ஆழிக்குமரன் ஆனந்தனின் வாழ்வு நமக்கு இன்னொன்றையும் சொல்லித் தருகிறது. பல உலக சாதனைகளுக்குச் சொந்தக்காரரான அவர், 1984 ஓகஸ்ட் 6ஆந் திகதி ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்க முயன்றபோது உயிர் நீத்தார். அந்தக் கடலுக்கு ஓகஸ்ட்தான் நல்ல பருவம். அங்கு நீந்துவோர் பெரும்பாலும் யூலை முதல் செப்ரெம்பர் வரையான காலத்தையே தேர்வர். ஆயினும் அந்த நல்ல பருவத்திலும் நீரின் வெப்பம் 16, 18 பாகை அளவிலேயே நிற்கும். நமது கடல் பங்குனியில் அதைவிடப் பத்துப் பாகை கூடுதலான வெதுவெதுப்புடையது. இங்கே பிள்ளையாய்ப் பழகிய கடல் வேறு; அங்கே அவர் சந்தித்த கடல் வேறு. மேலே சொன்ன குற்றாலீசுவரன் நமது நீரிணையை ஏப்ரலிலும் ஆங்கிலக் கால்வாயை அதே 1994இன் ஓகஸ்டிலும் கடந்தான் என்பதை இதனோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். ஒவ்வொரு கடலுக்கும் அதன் பருவம் தனி. ஒரு கடலின் நல்ல காலமும் மற்றக் கடலின் நல்ல காலமும் ஒரே பொருளுடையன அல்ல.

அமைதியான கடலே எப்போதும் நல்ல கடல் என்று இதனால் முடிவுகட்டிவிடவும் கூடாது. நீந்துபவனுக்கு வரமாகிற காற்றில்லாக் கடல், பாய்க்கப்பற்காரனுக்குச் சாபம். வெண்ணிக்குயத்தியார் கரிகாலனைப் பாடிய புறநானூற்றின் 66ஆம் பாடலில், அவனுடைய முன்னோன் காற்றின் தொழிலைத் தன்வயப்படுத்திக் கடலிலே கலம் செலுத்தியவன் என்ற செய்தி வருகிறது. கி.பி. முதலாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட பெரிப்புளூசு என்னும் கிரேக்கக் கடல் வழிநூல், எகிப்திலிருந்து இந்தியக் கரைக்கு வரும் கப்பல்கள் யூலை மாத அளவில் புறப்படவேண்டும் என்கிறது. அது சோளகம் உச்சத்தில் நிற்கும் காலம். என் மாணவரை அலைக்கழித்த அதே காற்று, யவனருடைய மரக்கலங்களை அரபிக்கடல் கடத்தி முசிறிக்குக் கொண்டுவந்த காற்றின் உறவு.

வல்வெட்டித்துறைத் தண்டையல்மார் அறிந்திருந்ததும் இதுவே. தென்மேல் காற்றைப் பின்னால் வாங்கி வடகிழக்கே பர்மாக் கரைக்குப் பாய் விரிப்பதும், வாடையோடு அரிசியும் தேக்கும் ஏற்றித் திரும்புவதும் அவர்கள் வாழ்க்கை முறை. அவர்கள் ஊரில் 1930இல் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பலை வில்லியம் அல்பேட் றொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். 1928க்கும் 1931க்கும் இடையில் சிறு படகொன்றில் உலகைச் சுற்றி வந்தவர் அவர். உலகத்துத் துறைமுகங்கள் பலவற்றைக் கண்டவரின் கண் வல்வெட்டித்துறைக் கப்பலில் வந்து நின்றது நமக்குப் பெருமை. தம் மனைவியின் பெயரைச் சூட்டி, வல்வெட்டித்துறைக் கடலோடிகளையே மாலுமிகளாகக் கொண்டு அவர் அனுப்பிய அக்கப்பல், செங்கடலும் மத்தியதரைக் கடலும் அத்திலாந்திக் சமுத்திரமும் தாண்டி 1938 ஓகஸ்டில் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. இயந்திரத்தை நம்பிய காலம் தொடங்கியிருந்த வேளையில், காற்றை வாசிக்கத் தெரிந்த கைகள் செய்த பயணம் அது.

பருவக்காற்றை ஆங்கிலேயர் 'மொன்சூன்' என்பர். அச்சொல் 'மவ்சிம்' என்னும் அரபுச் சொல்லின் வழி வந்தது. மவ்சிம் என்றால் பருவம் என்றே பொருள். கடலோடிகளுக்குக் காற்றும் பருவமும் ஒரே சொல்லாக இருந்திருக்கிறது. தமிழிலோ பருவம் என்பது காலத்தையும் குறிக்கும். பயிரின் பக்குவத்தையும் குறிக்கும். வயதின் நிலையையும் குறிக்கும். எதைச் செய்வதற்கு எது பக்குவப்பட்ட நேரம் என்ற கேள்வி அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டம் ஏற்றுவோருக்கு வாடை வேண்டும். வாடை இல்லையேல் விண் கூவாது. மண்டைதீவுக் கடலேரியில் பூநாரைகளைப் பார்க்க விரும்புவோருக்கும் அந்தக் குளிர்மாதங்களே உகந்தவை. பனம்பழ வாசம் வேண்டுவோர் ஆடி, ஆவணியில் வரவேண்டும். செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' நாவலில் நெடுந்தீவுக் கரையில் வந்து வாடி அமைத்துத் தொழில் செய்யும் மீனவருக்கு, நாவலின் பெயரான அந்தக் காற்றே நாட்காட்டி.

இனி என் பாடத்துக்கு வருகிறேன். தொல்காப்பியம் முல்லைக்குக் காரையும், குறிஞ்சிக்குக் கூதிரையும் முன்பனியையும், பாலைக்கு வேனிலையும் பின்பனியையும் பெரும்பொழுதாக வகுத்தது. நெய்தலுக்கு எற்பாடு என்ற சிறுபொழுதைச் சொன்ன நூல், பெரும்பொழுது எதையும் குறித்துச் சொல்லவில்லை. ஆறு பருவமும் நெய்தலுக்கு உரியன என்று கொள்வது மரபு. பல ஆண்டுகள் இதைப் படிப்பித்திருக்கிறேன். ஏன் என்று நான் கேட்டதில்லை. குறிகாட்டுவானில் அந்தத் தாயைப் பார்த்த பிறகுதான் எனக்கு ஒரு விடை தோன்றிற்று.

நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். அந்த இலக்கணம் கரையில் நின்று காத்திருப்பவளின் கண்ணால் எழுதப்பட்டது. காத்திருப்புக்குப் பருவம் கிடையாது. ஆறு பருவத்திலும் கடலுக்குப் போனவன் வரும்வரை அவள் நிற்கத்தான் வேண்டும். கடலுக்குள் போகிறவனுக்கோ பருவம்தான் உயிர். அவனுடைய இலக்கணம் ஏட்டில் ஏறவில்லை; வாடை, சோளகம், கச்சான், கொண்டல் என்ற நான்கு சொற்களில் வாய்வழியாகவே வந்தது. பிரிந்து செல்லும் திணையான பாலைக்கு வகுத்த காலத்தை அதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பின்பனி என்பது மாசி, பங்குனி. இளவேனில் என்பது சித்திரை, வைகாசி. நீந்துவோர் தேடிய மாதங்கள் இவற்றுள் அடங்கிவிடுகின்றன. முதுவேனிலான ஆனி, ஆடியில் மட்டும் தரைவழியும் கடல்வழியும் பிரிகின்றன. காட்டு வழியில் நடப்பவன் வெயிலைத் தாங்கினால் போதும்; நம் தீவுக் கடலில் போகிறவன் சோளகத்தையும் தாங்கவேண்டும். இதை உரையாசிரியர் கூற்றாகச் சொல்லவில்லை. கரையில் நின்ற ஓர் ஆசிரியனின் எண்ணமாகவே சொல்கிறேன்.

வழிபாட்டிலும் இந்த அறிவு படிந்திருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. பதுவை அந்தோனியாரின் திருநாள் உலகமெங்கும் யூன் 13ஆந் திகதி. அது சோளகக் காலம். நமது கச்சதீவு அந்தோனியார் திருவிழாவோ பெப்ரவரி, மார்ச் மாதங்களில், தவக்காலத்தையொட்டி நடைபெறுகிறது. இருகரை மக்களும் படகேறி வந்து கூடும் விழாவுக்குக் கடலோடிகள் தமது கடலைக் கேட்டே நாள் வைத்தார்கள் என்று நான் நினைக்கிறேன். நயினாதீவு நாகபூஷணி அம்மன் மகோற்சவம் ஆனியில், காற்றின் நடுவில்தான் வருகிறது. அங்கே கடவை குறுகியது. அடியார்கள் அலையையும் நேர்த்தியின் பகுதியாக ஏற்றுக்கொள்கிறார்கள்.

கடலைக் கேளாதபோது என்ன நேரும் என்பதற்கு மார்கழியே பெரிய சாட்சி. 1964 டிசெம்பர் 22ஆந் திகதி இரவு நமது வடபகுதியைத் தாக்கிய புயல், விடியுமுன் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற பயணிகள் புகையிரதம் நூற்றுக்கு மேற்பட்டோருடன் அலையுள் மறைந்தது. 1914இலிருந்து தலைமன்னாரையும் தனுஷ்கோடியையும் இணைத்த கப்பற் பாதை அந்த இரவோடு முடிந்தது. முன்னறிவிப்பு வசதிகள் குறைந்த நாட்கள் அவை. இன்றோ செய்மதிப் படம் கைத்தொலைபேசியில் தெரிகிறது. ஆயினும் பருவம் தன் முறையை மாற்றிக்கொள்ளவில்லை. 2023 ஒக்ரோபர் 14ஆந் திகதி நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பற் சேவை பெரு மகிழ்ச்சியோடு தொடங்கியது. ஐப்பசி பிறக்க நாலு நாளே இருந்தது. ஒரு வாரத்துக்குள், வடகிழக்குப் பருவக் காலநிலை காரணமாகச் சேவை நிறுத்தப்பட்டது. மறுபடி தொடங்கியது 2024 ஓகஸ்டில். அந்த ஆண்டு மழைக்காலத்திலும் நின்று, 2025 பெப்ரவரியில், அதாவது மாசியில், மீண்டும் ஓடத் தொடங்கியது. முதியவர் எனக்குச் சொன்ன வார்த்தையை நான் அப்போது நினைத்துக்கொண்டேன்.

இவ்வளவு சொன்னபின் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் என் பேச்சு நேர்மையாகாது. பருவத்தைத் தேர்ந்து புறப்படுவது எல்லாருக்கும் எப்போதும் வாய்க்கும் பேறு அன்று. 1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் புறப்பட்டது. அப்போது எனக்குப் பதினைந்து வயது. ஐப்பசி மழை. நாவற்குழிப் பக்கம் வீதி அசையாமல் நின்றது. தாகத்துக்குக் குடையை மறித்துப் பிடித்து மழைநீரை ஏந்திக் குடித்தவர்களை நான் கண்டேன். அன்று யாரும் காற்றையும் கேட்கவில்லை; மாதத்தையும் பார்க்கவில்லை. போர்க் காலத்தில் கடல் எங்களுக்குப் பெரும்பாலும் மூடிக் கிடந்தது. எங்கள் தலைமுறையில் பலர் காற்றின் பெயர்களை மறந்தது அந்த ஆண்டுகளில்தான். போகவே முடியாத கடலுக்குப் பருவம் எதற்கு? ஆதலால், "எந்த மாதம் போகலாம்?" என்று ஒருவர் இன்று ஆறுதலாக இருந்து கேட்க முடிவதே ஒரு சமாதானத்தின் அடையாளம். கிடைத்த அந்தத் தெரிவை விடுமுறை அட்டவணையிடம் மட்டும் ஒப்படைத்துவிடுவது, இழந்து பெற்ற ஒன்றைப் பாதியாகவே பயன்படுத்துவதாகும்.

ஆகவே என்னைக் கேட்போருக்கு இப்போது இப்படிச் சொல்கிறேன். திருவிழாவுக்கு ஓகஸ்டில் வாருங்கள்; நல்லூரில் நில்லுங்கள். பறவைக்கும் பட்டத்துக்கும் தையில் வாருங்கள். தீவுகளுக்கும் கடலுக்கும் பங்குனி, சித்திரையில் வாருங்கள். அப்போதும் காலையில் புறப்பட்டு வெயில் ஏறுமுன் கரை சேருங்கள். பிற்பகலில் இடிமழை திரளக்கூடும். நெடுந்தீவில் நிழலும் நன்னீரும் குறைவு. தண்ணீர் கொண்டு போங்கள். ஐப்பசியில் கடல் அமைதியாகத் தோன்றினால், அந்தத் தோற்றத்தை நம்புமுன் இறங்குதுறையில் இருக்கும் ஒருவரைக் கேளுங்கள்.

அடுத்த ஆண்டு புதுவருட விடுமுறையில் மீண்டும் மாணவர்களைக் கூட்டிச் செல்லத் தீர்மானித்தேன். பெற்றோரைக் கூட்டிப் பேசினேன். அந்தத் தாயும் வந்திருந்தார். அவருடைய இளைய மகன் அந்த ஆண்டு என் வகுப்பில். செலவைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் மற்றவர்கள் விசாரித்து முடிந்த பின் அவர் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"காத்து எப்பிடி, மாஸ்ரர்?"

முதல் நாள் குறிகாட்டுவானுக்குப் போய் அந்த முதியவரைக் கண்டு பேசிவிட்டே நான் அங்கு வந்திருந்தேன். "வாடை விட்டிட்டுது அம்மா. சோளகம் வர இன்னும் ஒரு மாதமாவது கிடக்கு" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு, அனுமதிக் கடிதத்தில் கையொப்பமிட்டார்.